கதறுபவரை விட்டு விட்டு மயங்கி கிடப்பவரிடம் ஓடுவது ஏன்? 108 ஊழியர்கள் சில விநாடிகளில் எடுக்கும் முடிவுகள்

விழுப்புரம்,

சென்னை-திருச்சி நெடுஞ்சாலையில் ஒரு விபத்து நடந்தால் முதலில் கேட்பது அலறல் சத்தம். அடுத்து கேட்பது 108 ஆம்புலன்சின் சைரன். வண்டி வந்து நின்றதும் கூட்டத்தில் இருந்து ஒரு குரல் நிச்சயம் எழும். "என்னப்பா வேடிக்கை பார்க்கிறீங்க? சீக்கிரம் தூக்கி போட்டுக்கிட்டு கிளம்புங்க!"

ஆனால் வண்டியில் இருந்து இறங்குபவர் உடனே யாரையும் தூக்குவதில்லை. முதலில் சுற்றும் முற்றும் பார்க்கிறார். காலை பிடித்துக்கொண்டு கதறுபவரை தாண்டி, சாலை ஓரத்தில் சத்தமே இல்லாமல் கிடப்பவரிடம் போகிறார். பார்ப்பவர்களுக்கு ஆத்திரம் வருகிறது. 'ஈவு இரக்கம் இல்லாத ஆளா இருக்கானே' என்று திட்டுகிறார்கள். சில இடங்களில் சட்டையை பிடிப்பது வரை போய் விடுகிறது.

ஆனால் அந்த சில விநாடி தாமதத்துக்கு பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. அந்த கணக்கு தான் பல உயிர்களை காப்பாற்றுகிறது. அது மட்டும் அல்ல. வேலை முடிந்து வீட்டுக்கு போன பிறகு அந்த ஊழியரின் மனதை காப்பாற்றுவதும் அதே கணக்கு தான்.

வண்டியில் 2 பேர் தான்

108 சேவை ஐதராபாத்தில் 2005-ம் ஆண்டு தொடங்கப்பட்டது. தமிழ்நாட்டுக்கு 2008-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் வந்தது. இப்போது மாநிலம் முழுவதும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் ஓடுகின்றன.

ஒரு வண்டியில் இருப்பது 2 பேர். ஒருவர் டிரைவர். அவரை 'பைலட்' என்று அழைக்கிறார்கள். இன்னொருவர் அவசர கால மருத்துவ உதவியாளர். இவரை சுருக்கமாக 'இ.எம்.டி.' என்பார்கள். இவர் டாக்டர் கிடையாது. நர்சிங் அல்லது அறிவியல் பட்டம், லேப் டெக்னீசியன் டிப்ளமோ போன்ற படிப்புகளை முடித்து விட்டு, சுமார் 50 நாட்கள் வகுப்பு, ஆஸ்பத்திரி, ஆம்புலன்ஸ் என்று பயிற்சி எடுத்தவர்.

ஆஸ்பத்திரியில் ஒரு நோயாளியை சுற்றி டாக்டர், நர்சு, உதவியாளர்கள் என்று பலர் இருப்பார்கள். ஸ்கேன் இருக்கும், ரத்த பரிசோதனை இருக்கும். நடுரோட்டில் எதுவும் இருக்காது. இருட்டு, மழை, கூட்டம், செல்போனில் படம் பிடிப்பவர்கள், அழும் உறவினர்கள். இதற்கு நடுவில் தான் அந்த 2 பேரும் முடிவு எடுக்க வேண்டும்.

முதலில் தன் உயிர்

வண்டியை விட்டு இறங்கும் முன்பே முதல் முடிவு எடுக்க வேண்டும். 'இந்த இடம் எனக்கு ஆபத்து இல்லாததா?' என்பது தான் அது.

கேட்க சுயநலம் மாதிரி தெரியும். ஆனால் கவிழ்ந்தது டேங்கர் லாரியாக இருக்கலாம். மின்கம்பத்தில் மோதிய காரின் மேல் கரண்டு கம்பி தொங்கலாம். பின்னால் 100 கிலோ மீட்டர் வேகத்தில் வரும் ஆம்னி பஸ் டிரைவருக்கு விபத்து நடந்தது தெரியாமல் இருக்கலாம். உதவ போனவரே விழுந்து விட்டால், அங்கே காப்பாற்ற வேண்டியவர்கள் எண்ணிக்கை ஒன்று கூடும். காப்பாற்றும் ஆள் ஒன்று குறையும்.

அதனால் தான் அந்த முதல் பார்வை. அவசர சிகிச்சை பயிற்சிகளில் '10 விநாடி நின்றால் 10 நிமிடம் மிச்சம்' என்று ஒரு பாடமே உண்டு. 10 விநாடி நின்று, என்ன நடந்திருக்கிறது, எத்தனை பேர், முதலில் எதை செய்வது என்று பார்த்து விட்டு இறங்கினால், பின்னால் தடுமாறி வீணாகும் 10 நிமிடம் மிச்சமாகும் என்பது இதன் அர்த்தம்.

சத்தம் போட்டால் மூச்சு இருக்கிறது

அடுத்தது, கூட்டத்துக்கு கோபம் வரும் இடம். ஒருவர் கத்துகிறார் என்றால் அவருடைய மூச்சுக்குழாய் திறந்து இருக்கிறது. நுரையீரலுக்கு காற்று போகிறது. மூளைக்கு ரத்தம் போகிறது. வலி உயிர் போகிற வலியாக இருக்கலாம். ஆனால் அடுத்த 3 நிமிடத்தில் அவர் உயிர் போகும் வாய்ப்பு குறைவு.

சத்தமே இல்லாமல் கிடப்பவர் அப்படி அல்ல. மயக்கத்தில் நாக்கு பின்னால் சரிந்து தொண்டையை அடைத்து கொண்டிருக்கலாம். வாயில் ரத்தமும் வாந்தியும் நிரம்பி இருக்கலாம். மூச்சு முழுவதும் நின்று விட்டால் சில நிமிடங்களில் மூளை பாதிக்க தொடங்கி விடும். தாடையை முறைப்படி முன்னால் தூக்கி விட்டு, வாயை சுத்தம் செய்தாலே சிலருக்கு மூச்சு திரும்பி விடும். இதற்கு ஒரு நிமிடம் கூட ஆகாது.

இதில் ஒரு விதிவிலக்கு உண்டு. ரத்தம் பீறிட்டு அடித்தால் அதை நிறுத்துவது தான் முதல் வேலை. தொடையில் உள்ள பெரிய ரத்தக்குழாய் அறுந்தால் சில நிமிடத்திலேயே உயிர் போய் விடும். அதனால் முதலில் பீறிடும் ரத்தம், பிறகு மூச்சுக்குழாய், அடுத்து மூச்சு, அதற்கு அடுத்து நாடித்துடிப்பு. எலும்பு முறிவு, சிராய்ப்பு எல்லாம் அதற்கும் பிறகு தான்.

பஸ் கவிழ்ந்தால் 4 நிறம்

ஒருவர், இருவர் என்றால் சரி. பஸ் கவிழ்ந்து 30 பேர் விழுந்து கிடந்தால்? முதலில் வந்து சேர்வது பெரும்பாலும் ஒரு வண்டி, 2 ஊழியர்கள்.

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் 1983-ம் ஆண்டு இதற்காக ஒரு முறை உருவாக்கப்பட்டது. உலகின் பல நாடுகளில் இந்த முறையோ இது போன்ற முறையோ பின்பற்றப்படுகிறது. ஒரு ஆளுக்கு ஒரு நிமிடத்துக்கும் குறைவான நேரம் தான். காயம்பட்டவர்களை 4 நிறமாக பிரித்து விடுவார்கள்.

"நடக்க முடிஞ்சவங்க எல்லாம் அந்த மரத்துக்கிட்ட வாங்க" என்று முதலில் சத்தமாக சொல்வார்கள். எழுந்து நடந்து வருபவர்கள் பச்சை. அவர்கள் காத்திருக்கலாம்.

மீதி இருப்பவர்களில் நிமிடத்துக்கு 30 முறைக்கு மேல் மூச்சு வாங்குபவர், மணிக்கட்டில் நாடி கிடைக்காதவர், "கையை மடக்குங்க" என்றால் மடக்க தெரியாதவர் ஆகியோர் சிவப்பு. இவர்கள் தான் முதலில் வண்டி ஏற வேண்டியவர்கள். மூச்சும் நாடியும் சரியாக இருந்து, சொன்னதை புரிந்து கொண்டு, ஆனால் நடக்க முடியாதவர் மஞ்சள்.

தாடையை தூக்கி, மூச்சுக்குழாயை திறந்து விட்ட பிறகும் மூச்சு வராதவர் கருப்பு. அவரை அப்படியே விட்டு விட்டு அடுத்தவரிடம் போக வேண்டும். அங்கேயே உட்கார்ந்து நெஞ்சை அழுத்தி கொண்டிருந்தால், பிழைக்க வாய்ப்பு உள்ள சிவப்பு ஆட்கள் 3 பேர் இறந்து போவார்கள். குழந்தை என்றால் மட்டும் ஒரு சலுகை. மூச்சு இல்லாவிட்டாலும் நாடி இருந்தால் 5 முறை மூச்சு ஊதி பார்த்து விட்டு தான் முடிவு செய்ய வேண்டும்.

இடி, மின்னல் தாக்கிய இடத்தில் இந்த கணக்கு தலைகீழாக மாறும். அங்கே மூச்சு பேச்சு இல்லாமல் கிடப்பவருக்கு தான் முதல் கவனம். மின்னல் தாக்கி நின்று போன இதயம் உடனே முதலுதவி கிடைத்தால் திரும்ப துடிக்க வாய்ப்பு அதிகம். உயிரோடு எழுந்து உட்கார்ந்தவர்கள் பெரும்பாலும் பிழைத்து கொள்வார்கள்.

இன்னொன்றும் பலருக்கு தெரியாது. பெரிய விபத்தில் முதலில் வந்த ஆம்புலன்ஸ், முதலில் கண்ணில் பட்டவரை ஏற்றி கொண்டு பறந்து விட கூடாது. எத்தனை பேர், எத்தனை சிவப்பு, எத்தனை வண்டி தேவை, எந்த வழியில் வர வேண்டும் என்று கண்ட்ரோல் ரூமுக்கு சொல்ல வேண்டியது அந்த முதல் வண்டி தான். அது போய் விட்டால் அடுத்து வரும் வண்டிகள் கண்ணை கட்டி விட்டது போல ஆகி விடும். 2023-ம் ஆண்டு ஒடிசா ரெயில் விபத்து, 2025-ம் ஆண்டு செப்டம்பர் 27-ந்தேதி 41 பேரை பலி கொண்ட கரூர் கூட்ட நெரிசல் போன்ற சம்பவங்களில் ஒரே நேரத்தில் ஏராளமானோர் அடிபடுகிறார்கள். தரம் பிரிக்காமல் எல்லோரையும் ஒரே ஆஸ்பத்திரிக்கு கொண்டு போனால், கூட்டம் ரோட்டில் இருந்து ஆஸ்பத்திரி வாசலுக்கு மாறும். அவ்வளவு தான்.

நிற்பதா, ஓடுவதா?

'தூக்கி போட்டுக்கிட்டு கிளம்பு' என்பது சில நேரம் சரி. சில நேரம் பெரிய தவறு.

வயிற்றில் அடிபட்டு உள்ளுக்குள் ரத்தம் கசிகிறது என்று சந்தேகம் வந்தால் ரோட்டில் செய்ய எதுவும் இல்லை. ஆபரேஷன் தியேட்டர் தான் மருந்து. உடனே ஓட வேண்டும்.

இதயம் நின்று போனவருக்கு நேர் எதிர். அவருக்கு அந்த இடத்திலேயே நெஞ்சை அழுத்த வேண்டும். நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 முதல் 6 சென்டி மீட்டர் ஆழம். 30 முறை அழுத்தினால் 2 முறை மூச்சு. 2 நிமிடத்துக்கு ஒரு முறை ஆள் மாற வேண்டும். இல்லாவிட்டால் கை சோர்ந்து அழுத்தம் குறைந்து விடும். குலுங்கி ஓடும் வண்டிக்குள் இதை ஒழுங்காக செய்ய முடியாது. இந்த முதலுதவியும், இதயத்துக்கு கொடுக்கும் 'ஷாக்'கும் தாமதமாகும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறைகிறது.

பிரசவ கேசும் அப்படித்தான். குழந்தையின் தலை வெளியே தெரிய தொடங்கி விட்டால், ஆஸ்பத்திரி இன்னும் 5 கிலோ மீட்டர் தான் என்றாலும் வண்டியை ஓரம் கட்ட சொல்ல வேண்டும். 'அண்ணே, நிறுத்துங்க' என்று இ.எம்.டி. சொன்னால் பைலட் மறுபேச்சு பேசாமல் நிறுத்துவார். ஓடும் வண்டியில் பிரசவம் பார்ப்பது தாய்க்கும் ஆபத்து, பிள்ளைக்கும் ஆபத்து. 'ஆம்புலன்சில் பெண்ணுக்கு பிரசவம்' என்று அடிக்கடி வரும் செய்திகளுக்கு பின்னால் இந்த 'நிறுத்துங்க' என்ற ஒரு வார்த்தை இருக்கிறது.

எந்த ஆஸ்பத்திரி?

பக்கத்தில் இருக்கும் ஆஸ்பத்திரி தான் நல்லது என்று எல்லோரும் நினைப்பார்கள். எப்போதும் அப்படி இல்லை.

ஒருவருக்கு திடீரென்று வாய் கோணி, ஒரு பக்கம் கை விழுந்து, பேச்சு குளறினால் அது பக்கவாதமாக இருக்கலாம். மூளையில் அடைப்பு என்றால் கட்டியை கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். ஆனால் மூளையில் ரத்த கசிவு என்றால் அதே ஊசி உயிருக்கு எமன். எது என்று சொல்வது சி.டி. ஸ்கேன் தான். ஸ்கேன் இல்லாத இடத்துக்கு 10 நிமிடத்தில் போவதை விட, ஸ்கேன் இருக்கும் இடத்துக்கு 30 நிமிடத்தில் போவது மேல்.

பாம்பு கடிக்கு கணக்கு வேறு. விஷமுறிவு மருந்து எங்கே பக்கத்தில் இருக்கிறதோ அங்கே போக வேண்டும். பெரிய ஆஸ்பத்திரி தான் வேண்டும் என்று அலைந்தால் விஷம் ஏறி விடும்.

இங்கே தான் உறவினர்களுடன் தகராறு வரும். "எங்களுக்கு தெரிஞ்ச டாக்டர்கிட்ட தான் போகணும்" என்பார்கள். இ.எம்.டி. தனியாக மல்லுக்கு நிற்க வேண்டியது இல்லை. கண்ட்ரோல் ரூமில் இருக்கும் டாக்டரிடம் போனில் பேசி ஆலோசனை கேட்கலாம். செலவை நினைத்து பயப்படுபவர்களுக்காக, சாலை விபத்தில் சிக்கியவர்களுக்கு முதல் 48 மணி நேர சிகிச்சையை இலவசமாக அளிக்கும் 'இன்னுயிர் காப்போம்-நம்மை காக்கும் 48' திட்டம் 2021-ம் ஆண்டு டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கப்பட்டது. விபத்தில் சிக்கியவருக்கு அவசர சிகிச்சை தர மறுக்க கூடாது என்று சுப்ரீம் கோர்ட்டு 1989-ம் ஆண்டிலேயே தீர்ப்பு சொல்லி இருக்கிறது.

முதலில் தோன்றியது தவறாகவும் இருக்கலாம்

அனுபவம் உள்ளவர்கள் எப்படி இவ்வளவு வேகமாக முடிவு எடுக்கிறார்கள்? அமெரிக்க உளவியல் நிபுணர் கேரி கிளைன் 1980-களில் தீயணைப்பு படை அதிகாரிகளிடம் இதை ஆராய்ந்தார். அவர்கள் 4 வழிகளை வைத்து கொண்டு எது நல்லது என்று ஒப்பிட்டு பார்ப்பது இல்லை. 'இது அந்த மாதிரி கேஸ்' என்று பழைய அனுபவத்தில் இருந்து அடையாளம் கண்டு, முதலில் தோன்றும் வழி வேலைக்கு ஆகுமா என்று மனதுக்குள் ஓட்டி பார்த்து விட்டு இறங்கி விடுகிறார்கள் என்று அவர் கண்டுபிடித்தார்.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. பஸ் நிலையத்தில் ஒருவர் உளறி கொண்டு விழுந்து கிடக்கிறார். "தண்ணி போட்டிருக்காரு சார்" என்கிறது கூட்டம். இ.எம்.டி.யும் அதை நம்பி விட்டால் போச்சு. சர்க்கரை நோயாளிக்கு ரத்தத்தில் சர்க்கரை குறைந்தாலும் அதே உளறல், அதே தள்ளாட்டம் தான் வரும். தலையில் அடிபட்டாலும் அப்படித்தான். அதனால் 'வேறு என்னவாக இருக்கலாம்?' என்று ஒரே ஒரு முறை கேட்டு கொள்ள வேண்டும். விரலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து பார்த்தால் சர்க்கரை அளவு தெரிந்து விடும். 70-க்கு கீழே இருந்தால் காரணம் அதுவாக இருக்கலாம். சாராய வாடை அடித்தாலும் பார்க்க வேண்டும். குடித்தவருக்கும் சர்க்கரை குறையும்.

பதற்றத்தில் காது அடைக்கும், கண் ஒரே இடத்தில் குத்திட்டு நிற்கும். இதற்கு 2 பழக்கங்கள் கை கொடுக்கும். ஒன்று, மூச்சு. 4 எண்ணும் வரை இழுத்து, 4 எண்ணும் வரை நிறுத்தி, 4 எண்ணும் வரை விட்டு, 4 எண்ணும் வரை சும்மா இருப்பது. சம்பவ இடத்துக்கு போகும் வழியிலேயே இதை செய்து விடலாம். இன்னொன்று, வாய் விட்டு சொல்வது. "ஆக்சிஜன் போடணும்" என்று ஒருவர் சொன்னால், "ஆக்சிஜன் போட்டாச்சு" என்று மற்றவர் திருப்பி சொல்ல வேண்டும். 'நீ செய்வேன்னு நினைச்சேன்' என்ற பேச்சுக்கே அங்கே இடம் இருக்க கூடாது.

வீட்டுக்கு போன பிறகு

வண்டியை கழுவி, ரத்தக்கறையை துடைத்து, ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு போகிறார். சாப்பாட்டு தட்டு முன்னால் உட்கார்ந்தால் அந்த குழந்தையின் முகம் வருகிறது. 'இன்னும் 2 நிமிடம் முன்னால போயிருந்தா?' என்ற கேள்வி வருகிறது. 2021-ம் ஆண்டு மே மாதம் கொரோனா 2-வது அலையில் சென்னை ராஜீவ்காந்தி அரசு ஆஸ்பத்திரி வாசலில் ஆம்புலன்சுகள் வரிசையில் நின்றன. படுக்கை கிடைக்காமல் நோயாளிகள் வண்டிக்குள்ளேயே ஆக்சிஜனுடன் காத்து கிடந்தனர். அந்த நேரத்தில் கூடவே உட்கார்ந்திருந்த ஊழியர்களால் செய்ய முடிந்தது குறைவு, பார்க்க வேண்டியிருந்தது அதிகம்.

இப்படி ஒரு சம்பவத்துக்கு பிறகு சில நாட்கள் தூக்கம் கெடுவதும், அதே காட்சி திரும்ப திரும்ப வருவதும், சின்ன சத்தத்துக்கு திடுக்கிடுவதும் நோய் அல்ல. மனதின் இயல்பு. பெரும்பாலானவர்களுக்கு சில வாரங்களில் தானாக குறைந்து விடும். ஆனால் ஒரு மாதத்தை தாண்டியும் கெட்ட கனவு விடவில்லை, அந்த ரோடு பக்கமே போக பிடிக்கவில்லை, வீட்டில் எரிந்து விழுகிறார், குடி அதிகமாகி விட்டது என்றால் மனநல டாக்டரை பார்க்க வேண்டிய நேரம் வந்து விட்டது. பாதியில் உதறி விட முடியாத ஒன்று இது. இதற்கு சிகிச்சை இருக்கிறது, குணமாகும்.

முன்பெல்லாம் சம்பவம் நடந்த உடனே எல்லோரையும் உட்கார வைத்து 'நடந்ததை முழுசா சொல்லுங்க' என்று பேச வைப்பார்கள். அப்படி ஒரே தடவை கட்டாயமாக பேச வைப்பதால் பின்னாளில் வரும் பாதிப்பை தடுக்க முடியவில்லை என்று 2002-ம் ஆண்டு வெளியான ஆய்வு தொகுப்பு ஒன்று காட்டியது. உலக சுகாதார நிறுவனம் 2011-ம் ஆண்டு வெளியிட்ட உளவியல் முதலுதவி கையேடு சொல்வது 3 விஷயம். கவனித்து பார், காது கொடுத்து கேள், உதவியோடு இணைத்து விடு. அதாவது 'சாப்பிட்டியாப்பா?' என்று கேட்பது, அவராக பேசினால் கேட்பது, பேசாவிட்டால் பக்கத்தில் இருப்பது.

முறைப்படி வேலை செய்தவருக்கு இன்னொரு பலமும் உண்டு. 'அவரை ஏன் விட்டுட்டு போனேன்?' என்று மனசு கேட்கும்போது, 'என் இஷ்டத்துக்கு விடவில்லை, வரிசைப்படி செய்தேன், அதனால் இன்னொருவர் பிழைத்தார்' என்று பதில் சொல்ல முடியும். வருத்தம் போகாது. ஆனால் குற்ற உணர்ச்சி அவரை தின்று விடாது. வரிசையை விட்டு விட்டு கூட்டத்தின் சத்தத்துக்கு பயந்து முடிவு எடுத்தவருக்கு அந்த பதில் கிடைக்காது.

மனசு விட்டு பேச வேண்டும் என்றால், மத்திய அரசு 2022-ம் ஆண்டு அக்டோபரில் தொடங்கிய 'டெலி மானஸ்' சேவைக்கு 14416 என்ற எண்ணில் போன் செய்யலாம். தமிழிலும் பேசலாம். கட்டணம் கிடையாது. ஆம்புலன்ஸ் ஊழியர்கள் மட்டும் அல்ல, விபத்தை நேரில் பார்த்து விட்டு தூக்கம் வராமல் தவிப்பவர்களும் கூப்பிடலாம்.

பொதுமக்கள் செய்ய வேண்டியது

108-க்கு போன் செய்பவர்கள் பதற்றத்தில் "ஆக்சிடென்ட், சீக்கிரம் வாங்க" என்று சொல்லி விட்டு வைத்து விட கூடாது. எந்த ஊர், எந்த பக்கம் போகிற ரோடு, பக்கத்தில் என்ன கடை அல்லது கிலோ மீட்டர் கல், எத்தனை பேர், யாராவது வண்டிக்குள் மாட்டி இருக்கிறார்களா என்று சொல்ல வேண்டும். எதிர்முனையில் வைக்க சொல்லும் வரை வைக்க கூடாது.

அடிபட்டவரை கை, காலை பிடித்து இழுத்து ஆட்டோவில் திணிக்க கூடாது. கழுத்து எலும்பு உடைந்திருந்தால் அதுவே வாழ்நாள் முழுவதும் படுக்கையில் தள்ளி விடும். தீ பிடிக்கும் ஆபத்து இருந்தால் மட்டும் நகர்த்தலாம். ரத்தம் கொட்டும் இடத்தில் சுத்தமான துணியை வைத்து விடாமல் அழுத்தி பிடிக்க வேண்டும். மயக்கத்தில் இருப்பவர் வாயில் தண்ணீர் ஊற்றவே கூடாது.

'உதவி செய்தால் போலீஸ், கோர்ட்டு என்று அலைய வேண்டுமே' என்ற பயம் இனி வேண்டாம். 2019-ம் ஆண்டு திருத்தப்பட்ட மோட்டார் வாகன சட்டத்தின் 134ஏ பிரிவு, நல்ல எண்ணத்தில் உதவுபவர்களுக்கு பாதுகாப்பு கொடுக்கிறது. பெயர், முகவரி சொல்லும்படி அவர்களை கட்டாயப்படுத்த முடியாது. அதே சட்டத்தின்படி ஆம்புலன்சுக்கு வழி விடாதவர்களுக்கு 6 மாதம் வரை ஜெயில் அல்லது ரூ.10 ஆயிரம் அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம்.

ஆம்புலன்ஸ் வந்த பிறகு பெரிய உதவி ஒன்று தான். வட்டம் கட்டி நிற்பவர்களை விலக்கி விட வேண்டும். பின்னால் வரும் வாகனங்களை கை காட்டி மெதுவாக்க 2 பேர் போக வேண்டும். காலை பிடித்து கொண்டு கதறுபவர் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து, அவர் கையை பிடித்து கொண்டு "ஆம்புலன்ஸ் வந்துடுச்சு, உங்களையும் பார்ப்பாங்க" என்று சொல்லி கொண்டிருந்தால் போதும். அந்த நேரத்துக்குள் சத்தம் இல்லாமல் கிடப்பவருக்கு மூச்சு வந்து விடும்.